கேட்டவர்களும் எழுதியவர்களும்: முத்துக்குளித்துறையில் வாழ்வியல் நூல்கள் பிறந்த வழி

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் ‘மெய்யறிவு’ நூறு வெண்பாக்கள் கொண்ட சிறு நூல். 1915இல் வெளிவந்தது. அதன் பிறப்பிடம் கண்ணனூர்ச் சிறை. உடனிருந்த கைதிகள் அவரிடம் நீதிநூல் பாடம் கேட்டார்கள். பழைய நூல்களின் நடை அவர்களுக்கு எட்டவில்லை. எளிய நடையில் புதிதாகவே ஒரு நூல் செய்தார் வ.உ.சி.

தமிழில் சுயமுன்னேற்ற நூல்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அப்துற் றஹீமிடமிருந்தோ எம்.எஸ்.உதயமூர்த்தியிடமிருந்தோ தொடங்குகிறார்கள். இருவரும் மதிப்புக்குரியவர்கள். ஆனால் வாழ்க்கை புரண்டுபோன மனிதர் அறிந்தவரைத் தேடிச் சென்று கேட்பதும், அந்தக் கேள்வி பதில் நூலாவதும் தூத்துக்குடிக் கரையில் பதினாறாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. அந்த வழித்தடத்தைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்கட்டியிடமிருந்து உபதேசியாரிடம்

முத்துக்குளிப்பு உயிரைப் பணயம் வைக்கும் தொழில். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு பல பாகம் ஆழம் இறங்குகிறவருக்குச் சுறாவைப் பற்றிய அச்சம் எப்போதும் உண்டு. அதனால் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு தொடங்குமுன் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் கடல்கட்டியை வரவழைப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரை பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்குக் குளிப்பில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகக் குறிக்கிறார். அரசனுக்குரிய பங்கு பத்தில் ஒன்று. மன அமைதிக்கு இந்த மக்கள் கொடுத்த விலையை அந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் முத்துக்குளிக்கும் மீனவர்களான பரதவர் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினர். குளிப்புரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கீசியரின் துணை தேவைப்பட்டதால், அவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று பேசி முடிவெடுத்தார்கள். மதம் மாறியாயிற்று, ஆனால் அதன்படி வாழக் கற்றுத் தருவதற்கு ஆள் இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் அவர்களோடு உட்கார்ந்து, மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்ததைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன்பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். நோயாளிகளின் வீட்டுக்குத் தாம் போக முடியாத நாட்களில் சிறுவர்களைச் செபமாலையோடு அனுப்பினார். கற்றவுடன் கற்பிக்கும் வேலை அந்தச் சிறுவர்களுக்கு வந்துவிட்டது. இந்த ஏற்பாட்டில் சவேரியாரின் திறமை எவ்வளவோ, ஊர்ப் பிள்ளைகளின் பங்கும் அவ்வளவு என்று நான் கருதுகிறேன். வரலாற்று நூல்கள் அவர்களை உரிய அளவில் கவனிக்கவில்லை.

கேள்வி அச்சேறியது

அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைக்கும் என்றீக்கே என்றீக்கஸ் (1520–1600) இக்கரைக்கு 1547இல் வந்தவர். வாழ்நாளின் எஞ்சிய பகுதியைப் பெரும்பாலும் இங்கேயே கழித்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை நிறுவினார், தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அதைக் கொண்டாடுகிறோம். அதன் அச்சுச் செலவுக்குப் பரதவர் பணம் திரட்டித் தந்தார்கள்.

நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானவை அடுத்த இரண்டு நூல்கள். 1579 நவம்பரில் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, மார்க்கோஸ் ஜோர்ஜின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவியது. அது கற்பிப்பவரும் கற்பவரும் பேசிக்கொள்ளும் வினாவிடையாக அமைந்தது. 1580இல் வந்த ‘கொம்பெசியோனாரியு’, பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. கட்டளைகளின் வரிசையில் ஒருவர் தம் நடத்தையைத் தாமே சோதித்துப் பார்ப்பதற்கான கேள்விகள் அதில் இருக்கின்றன.

இரண்டு நூல்களிலும் கேள்வி இருக்கிறது, ஆனால் கேட்பவர் இடம் மாறுகிறார். வினாவிடையில் கற்பிப்பவர் விடையை முன்பே வைத்துக்கொண்டு கேட்கிறார். சங்கீர்த்தனக் கையேட்டில் கேள்வி குருவுடையது என்றாலும் விடை வாசிப்பவரின் வாழ்க்கையில்தான் உண்டு. அச்சில் உள்ள எழுத்தைப் பார்த்து ஒரு தமிழ் வாசகர் ‘நான் எப்படி வாழ்கிறேன்’ என்று தம்மையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் முதன்முதலில் இங்கேதான் உருவானது என்பது என் முடிவு. கடற்கரை மக்களின் அன்றாடப் பேச்சுக்கு நெருக்கமான உரைநடையில் அது நிகழ்ந்தது என்பதையும் தமிழ் உரைநடை வரலாறு கணக்கில் எடுத்தாக வேண்டும். 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. அது மாறிய வாழ்க்கைகளைக் கதையாகச் சொல்லும் பெருநூல்.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. இக்கரையின் அச்சு முயற்சி அதற்கு முன்பே அடங்கிவிட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாயர்புரத்தில் ஜி.யு.போப்பும், பின்னர் தூத்துக்குடியில் கால்டுவெல்லும் நடத்திய பள்ளிகள் வேறொரு தலைமுறையை வளர்த்தன. தூத்துக்குடியின் மிஷன் பள்ளிகளில் படித்த ஓட்டப்பிடாரத்துப் பிள்ளை ஒருவர் பின்னாளில் வக்கீலானார்.

துறைமுகத்து வக்கீலும் டெவன் கடற்கரை எழுத்தாளரும்

வ.உ.சி.யின் வாழ்க்கை திரும்பியதே ஓர் உரையாடலில்தான். 1906 தொடக்கத்தில் சென்னையில் இராமகிருஷ்ணானந்தரைக் கண்டு பேசினார். நாட்டுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற சுவாமியின் சொல்லும் சுதேசியம் பற்றிய பேச்சும் மனத்தில் விதையாய் விழுந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1908 பிப்ரவரியில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் மாலைதோறும் மக்களிடம் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர் பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலியும் விடுமுறையும் பற்றிய அவர்கள் கோரிக்கை மார்ச் முதல் வாரத்தில் வென்றது. 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அவர்மீது சாட்டப்பட்ட இரண்டு குற்றங்களுக்கும் தனித்தனியே இருபதாண்டு நாடுகடத்தல் என்றது அந்தத் தீர்ப்பு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1910 டிசம்பரில் கண்ணனூருக்கு மாற்றப்பட்டார்.

சிறைக்காலத்தில் அவர் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் ஆலன் (1864–1912). ஆலன் இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் இல்ஃபிரகூம் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். பதினைந்து வயதில் தந்தையை அமெரிக்காவில் கொலைக்குப் பறிகொடுத்து, பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். எண்ணமே வாழ்க்கையை ஆக்குகிறது என்பது 1903இல் வந்த அவருடைய சிறு நூலின் சாரம். வ.உ.சி. தமிழாக்கிய அந்நூல் ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் 1909இல் வெளிவந்தபோது மொழிபெயர்ப்பாளர் சிறையில் இருந்தார். ‘அகமே புறம்’ 1914இலும் ‘வலிமைக்கு மார்க்கம்’ 1916இலும் தொடர்ந்தன.

செக்கடியில் நின்ற மனிதரை ஆலனின் வாதம் காயப்படுத்தியிருக்கலாம். சூழ்நிலையை எண்ணமே உண்டாக்குகிறது என்றால் சிறையும் அவர் எண்ணத்தின் விளைவுதானா? இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடையை மொழிபெயர்ப்புகளைவிட அவர் சொந்த நூல்களின் கட்டமைப்பில் தெளிவாகக் காணலாம். ‘மெய்யறிவு’ பத்து அதிகாரம்: தன்னையறிதல், விதியியலறிதல், உடம்பை வளர்த்தல், மனத்தை ஆளுதல், தன்னிலையில் நிற்றல், மறங்களைதல், அறம்புரிதல், தவஞ்செய்தல், மெய்யுணர்தல், மெய்ந்நிலையடைதல்.

வரிசையைப் பாருங்கள். ஆலனுக்கு உடல் மனத்தின் ஏவலாள். எண்ணம் உடல்நலத்தை எப்படி ஆக்குகிறது என்பதே அவர் நூலில் உடலுக்குரிய அத்தியாயம். வ.உ.சி. உடம்புக்குத் தனி அதிகாரம் தந்து, அதை மனத்துக்கு முன்னால் வைக்கிறார். சணல் கிழிக்கும் எந்திரத்தில் கைத்தோல் உரிந்து, சிறைக் கூழைக் குடித்து வாழ்ந்தவர்களுக்காக எழுதும்போது உடம்பைப் பேசாமல் மனத்தைப் பேச அவருக்கு மனம் வரவில்லை. விதியின் இடமும் கவனிக்கத்தக்கது. திருக்குறளில் ஊழ் அறத்துப்பாலின் இறுதியில் வருகிறது. இங்கே அது தன்னையறிதலை அடுத்து வருகிறது. சிறைப்பட்டவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ‘எனக்கு ஏன் இது நேர்ந்தது’ என்பதாகவே இருந்திருக்கும். கேட்டவர்களின் கேள்வி நூலின் வரிசையையே மாற்றிவிட்டது என்று நான் வாசிக்கிறேன்.

1914இல் வந்த ‘மெய்யறம்’ இன்னும் விரிவானது. 125 அதிகாரங்கள், ஐந்து பகுதிகள்: மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல். கற்றலில் தொடங்கி வீட்டுக்கும் அங்கிருந்து நாட்டுக்கும் செல்கிறது இந்த வைப்புமுறை. ஆலனின் நூலில் அரசுக்கு இடமே இல்லை. தனி மனிதர் தம்மைத் திருத்திக்கொண்டால் போதும் என்பது அவர் நிலை. கப்பல் கம்பெனியை அரசின் கை நசுக்கியதைக் கண்ணால் கண்டவர், அரசியலை ஒதுக்கிவிட்டு நல்வாழ்வு பேச மறுத்தார். தமிழ்ச் சுயமுன்னேற்ற எழுத்து பிற்காலத்தில் கைவிட்டது இந்தப் பகுதியைத்தான். அது பெரிய இழப்பு.

மறந்ததும் மீட்டதும்

1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது, வக்கீல் சன்னதும் போயிருந்தது. சென்னையில் வறுமையோடு பல ஆண்டுகள் கழித்தார். நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

பழைய நூல்களைத் தூத்துக்குடிதான் மீட்டது. சேவியர் தனிநாயகம் அடிகள் 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். அண்டிரிக் அடிகளாரின் நூல்களைச் ச.இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்து, கழகத்தின் வழியாக 1960களில் வெளியிட்டார். கிறித்தவ அச்சு வரலாறு படிப்போர் அவற்றை வாசிக்கிறார்கள், விடுதலைப் போர் படிப்போர் வ.உ.சி.யை வாசிக்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர்கள் குறைவு.

கல்லூரித் தமிழ்த்துறைகளில் ஆய்வுப்பொருள் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலனின் மூலத்தையும் வ.உ.சி.யின் தமிழையும் பத்தி பத்தியாக ஒப்பிட்டு ஒரு பதிப்பு கொண்டுவாருங்கள். எங்கே அவர் ஆலனோடு உடன்பட்டார், எங்கே குறளின் பக்கம் சாய்ந்தார் என்பது அப்போது துலங்கும். அந்த உரையாடலை அவர் சிறையோடு விட்டுவிடவில்லை. ஆலனிடமிருந்து அவர் தமிழாக்கிய ‘சாந்திக்கு மார்க்கம்’ 1934இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1936 நவம்பர் 18இல், தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.