வெட்டி வேலை: ஒரு பழைய கணக்கு



போன மழையில் மண் சரிந்து நம் பின்பக்க வடிகால் அடைத்துக்கொண்டது நினைவிருக்கும். மண்வெட்டி எடுத்து வாரியவர் நம் இரவுக் காவலாளி. "அவருக்கு ஏதாவது கொடுத்தோமா?" என்று கேட்டேன். "அரை மணி நேர வெட்டி வேலைதானே சார்" என்று பதில் வந்தது.

இந்த 'வெட்டி' என்ற சொல்லுக்கு ஆயிரம் வயது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் குடிகள் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய உழைப்பு. ஏரி, வாய்க்கால் வேலைகள் அதில் முக்கியமானவை. இன்று நாம் நல்ல பொருளில் சொல்லும் 'கடமை' அன்று நிலவரி; பெரும்பாலும் நெல்லாக அளக்க வேண்டும். ஒரு நிலத்தின் வரியை அரசர் கோயிலுக்கு விட்டுக்கொடுத்தால் உழுகிறவர் சுமை குறையாது. அரசுக்குப் போனது கோயிலுக்குப் போகும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பற்று அப்படியே இருக்கும். வரவு வைக்கும் கணக்குதான் மாறும்.

அதே நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பண்ணையடிமையும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் சும்மா உழைத்தார். பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர் இறந்தால் இருப்பதில் நல்ல மாட்டைக் கொடுக்க வேண்டும். 1381இல் அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள்.

நம்மவர்கள் மட்டும் பொறுத்துக்கொண்டே இருந்தார்களா? இல்லை. விஜயநகர ஆட்சியில், 1429இல், எப்போதும் சண்டையிட்டுக்கொள்ளும் வலங்கைப் பிரிவினரும் இடங்கைப் பிரிவினரும் ஒன்றுகூடினார்கள். நியாயமான வரி எவ்வளவு என்று தாங்களே முடிவுசெய்து, அதற்கு மேல் தருவதில்லை என்று கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். விருத்தாசலத்திலும் கொறுக்கையிலும் அந்தக் கல்வெட்டுகள் உள்ளன. அதிகாரிகளுக்கு நம்மில் யாரும் கணக்கு எழுதக்கூடாது என்பதும் அந்த முடிவுகளில் ஒன்று. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதிய எனக்கு, அதைப் படித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது.

இதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான். என் தலைமுறை பிறப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால்!

இனி நம் கேத்திக்கு வருவோம். காவலாளியின் சம்பளம் வாசலைக் காப்பதற்கு. சிலிண்டர் தூக்குவது, கார் கழுவுவது, வடிகால் வாருவது அதில் சேராது. அவர் மறுத்துப் பேசமாட்டார். வேலை போய்விடும் என்ற பயம். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வாசலில் ஒரு நோட்டு வைப்போம். கூடுதல் வேலை வாங்குகிறவர்கள் தேதி, வேலை, கொடுத்த தொகை மூன்றையும் அதில் எழுதட்டும். நோட்டைப் பராமரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். வடிகால் வாரிய அந்த அரை மணி நேரம் முதல் வரியாக இருக்கட்டும்.