கதவுக் கண்ணாடியும் ஓமின் விதியும்

பழைய மோட்டார் காரில் பொத்தானை அழுத்தினால், முதியவர் மாடிப்படி ஏறுவதுபோல் நின்று நின்று ஏறும் கதவுக் கண்ணாடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அச்சிறு கோளாற்றின் பின்னே ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு இருக்கின்றது.

பெட்ரோல் காருக்குள் மின்மோட்டார் பெரும்பணி ஏற்றது 1912ஆம் ஆண்டில். கெட்டரிங் என்னும் அமெரிக்கர் வகுத்த மின் துவக்கி, காடிலாக் வண்டியில் அவ்வாண்டு பொருத்தப்பட்டது. 1940இல் பக்கார்டு நிறுவனம் கண்ணாடியை ஏற்றி இறக்கவும் விசை அமைத்தது. எனினும் அது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியது. ஒவ்வொரு கதவுக்கும் தனி மின்மோட்டார் என்னும் முறை பின்னரே பரவிற்று. நம் நாட்டு அம்பாசடரில் கைப்பிடியைச் சுழற்றித்தான் பல்லாண்டுகள் கண்ணாடியை ஏற்றினோம். அதில் பழுது வந்தால் கைக்கே தெரிந்துவிடும்! மோட்டாரோ நம்மிடம் ஒன்றும் சொல்வதில்லை.

அதன் மொழியை நமக்குக் கற்பித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஓம், கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். கம்பிகளைக் கொண்டு சோதனைகள் செய்து, 1827இல் தம் நூலை வெளியிட்டார். கம்பியின் தடை மிகுந்தால் மின்னோட்டம் குறையும் என்பது அதன் சாரம். தாய்நாட்டில் அதற்குத் தக்க வரவேற்பில்லை. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெருமை ஓங்கிற்று.

பண்ணைப்புரத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி, குமுளிக்கு வாடகைக்கு ஓட்டுகிறார் ஓர் இளைஞர். மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் இடப்புறக் கண்ணாடி மூடாது, பயணிகள் நனைவார்கள், வாடகை போய்விடும். மோட்டாரை மாற்றினார். கைப்பொருள் கரைந்தது, கண்ணாடி விரையவில்லை.

என்னிடம் படித்துப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வேறு வழியில் நோக்கினார். இரவில் உள்விளக்கை எரியவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி எங்கேனும் இறுகினால் மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும், விளக்கு மங்கும். அங்கே விளக்கு மங்கவில்லை. ஆகவே மின்சாரம் மோட்டாரைச் சரிவரச் சென்றடையவில்லை என்று முடிவு செய்தார். அடுத்து அளவுமானியை வைத்துப் பார்த்தார். பாட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல். மோட்டாரின் முனையிலோ, பொத்தானை அழுத்தியபோது, 8 மட்டுமே. எஞ்சியது எங்கே போயிற்று? கதவுக் கீலின் அருகே, ரப்பர் உறைக்குள், கம்பியின் செம்பு இழைகள் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி ஒவ்வொன்றாக அறுந்திருந்தன. இரண்டு மூன்று இழைகளே மிஞ்சின. ஓமின் தடை என்பது இதுதான்!

எல்லா வண்டியிலும் இதே காரணம் என்று கொள்ளற்க. நம் பக்கத்துக் காற்றில் புழுதிக்குக் குறைவில்லை. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் அது படிந்து இறுகும். அப்போது ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்தபின் சிலிக்கோன் பூச்சு இடவேண்டும். எஞ்சின் எண்ணெயை இடுவோர் உளர்; அது ரப்பரை உப்பச் செய்துவிடும். பொத்தானின் தொடுமுனை கருகியிருத்தலும் உண்டு. கையால் கண்ணாடியைத் தூக்கி உதவி, நாள் கடத்துவது மட்டும் வேண்டா. இறுகி நிற்கும் மோட்டார் சூடேறிக் கருகும்.

பட்டறைக்காரர் அறுந்த இடத்தை நீக்கி, புதிய கம்பித் துண்டை ஈயப் பற்றுவைத்து இணைத்து, உறையை மூடினார். முன்பு கழற்றி எறிந்த பழைய மோட்டாரையும் பாட்டரியில் இணைத்துப் பார்த்தார். அது நன்றாகவே சுழன்றது.