எட்டு போட்ட காலம்

எங்கள் ஊரில் பைக் ஓட்டப் பழக யாரும் காசு கொடுத்ததில்லை. வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்ட கால், அடுத்து சித்தப்பாவின் ராஜ்தூத்துக்குத் தாவும். செலவு பெட்ரோல் மட்டும். 1980-இல் டிவிஎஸ் 50 வந்தபின் அதுவும் குறைந்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத்தான் தேர்வு. தேர்வு என்றால் எங்களுக்கு எட்டுதான். ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் கால் ஊன்றாமல் போட வேண்டும். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாக ஓர் அழுத்து, பார்வை முன்சக்கரத்தில் அல்ல, வளைவின் கோடியில். சித்தப்பா சொல்லிக்கொடுத்தது அவ்வளவே. கியர் இல்லாத வண்டியில் போட்டால் அந்த வகைக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும். அதனால் ராஜ்தூத் இரவலுக்கு ஏக கிராக்கி. (எட்டுக்குள் எதிரே லாரி வராது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

2016 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு கட்டணத்தை ஏற்றியது. பழகுநர் உரிமம் 30 ரூபாயிலிருந்து 150, தேர்வு 50-லிருந்து 300. பைக் விலையோடு பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. பேருந்தும் லாரியும் ஓடும் சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு இந்தக் காசை வாங்கினால் நான் முணுமுணுக்கவே மாட்டேன்.