கண்டி இராச்சியத்தின் காணிப் பகிர்வு

கண்டி–குருநாகல் வீதியிலுள்ள கலகெதர, தும்பனைப் பகுதியைச் சேர்ந்தது. அரசர் காலத்தில் தலைநகரைச் சூழ்ந்திருந்த ஒன்பது ‘ரட்ட’ எனும் பிரிவுகளில் தும்பனையும் ஒன்று. அங்கே காணி பகிரப்பட்டது ஊழியத்தைப் பொறுத்து.

இதை விவிலியத்தோடு ஒப்பிடலாம்: யோசுவா நூலில், சீலோவில் சீட்டுப் போட்டு இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலம் பிரிக்கப்படுகிறது. ஆசாரியப் பணிக்குரிய லேவியருக்குத் தனி மாகாணம் இல்லை. குடியிருக்க 48 நகரங்களும் தசமபாகமும்தான். கண்டியில் நிலைமை நேரெதிர்: விகாரகம, தேவாலகம என்று சமயத் தலங்களுக்கு ஊர் ஊராகக் காணி இருந்தது. அரண்மனைக்குரியது கபடாகம, பிரபுக்களுக்குரியது நிந்தகம.

ஊருக்குள் காணி ‘பங்குவ’ எனும் அலகுகளாகப் பிரிந்திருந்தது. வயல், வீட்டுத்தோட்டம், காடு வெட்டிப் பயிரிடும் சேனை மூன்றும் ஒரே பங்குவவில் அடங்கலாம். அதை வைத்திருப்பவர் அதற்குரிய ஊழியத்தைச் செய்தாக வேண்டும். பறை அடிப்பது, மட்பாண்டம் கொடுப்பது, ‘முத்தெட்டு’ எனும் எசமானின் வயலை உழுது விதைப்பது என ஊழியம் பலவகை. வயலின் பரப்பை விதைநெல்லைக் கொண்டே சொன்னார்கள்: 10 லாஹ ஒரு பேல, 4 பேல ஒரு அமுணம்.

பெண்ணின் உரிமை திருமண முறையைப் பொறுத்தது. ‘தீக’ முறையில் கணவன் வீடு சென்ற மகளுக்குத் தந்தையின் காணியில் பொதுவாகப் பங்கில்லை. ‘பின்ன’ முறையில் கணவன் பெண் வீட்டுக்கே வந்தால் உரிமை நிலைக்கும். விவிலியத்தில் செலோப்பியாத்தின் மகள்மார் தந்தையின் சொத்தைப் பெற்றபோது சொந்தக் கோத்திரத்திலேயே மணக்க வேண்டும் என்ற விதி வந்ததும் இதே கவலையால்தான்: காணி வெளியே போய்விடக் கூடாது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1818 பிரகடனம் நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக்கியது. ஆங்கிலேயருக்கு எதிராக அப்போது எழுந்த கிளர்ச்சியில் சேராத பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்று எனச் சலுகை. 1832இல் இராஜகாரியம் எனும் கட்டாய அரச ஊழியம் ஒழிந்தாலும், கோயில், நிந்தகம ஊழியங்கள் தொடர்ந்தன. 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்குப் பதில் பணம் கட்ட வழிசெய்தது. நிந்தகம ஊழியத்தை ஒழிக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையாக வெட்டியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். காடும் தரிசும் முடிக்குரியவை என்றே அனுமானிக்கப்பட்டன. கண்டிப் பகுதிச் சேனைக்கு உரிமை கோருபவர் ‘சன்னஸ்’ எனும் அரச சாசனமோ வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டும். பரம்பரையாகச் சேனை வெட்டிய குடியானவனிடம் ஏது பத்திரம்? ஏக்கர் 5 ஷில்லிங் வீதம் காடு தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள்.

1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர், நெற்காணிக்கு 25 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த மலையகத் தமிழருக்கு அந்தப் பகிர்வில் இடம் கிடைக்கவில்லை. பல தோட்டங்களிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2015க்குப் பின் அவர்களின் வீடமைப்புக்கு அரசு ஒதுக்க முன்வந்த அளவு, குடும்பத்துக்கு 7 பேர்ச்.