குறுக்கெழுத்தில் தொடங்கிய வழக்கு

பெங்களூரில் அச்சான ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ வாரப் பத்திரிகைக்கு அன்றைய பம்பாய் மாநிலத்திலும் நல்ல விற்பனை. அதை இழுத்துச் சென்றது செய்தியல்ல, ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா நடத்திய பரிசுக் குறுக்கெழுத்து. கட்டணம் கட்டி, ஏற்கெனவே தீர்மானித்து வைத்த விடையோடு பொருந்த வேண்டும். பம்பாய் அரசு அதன்மேல் வரி போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக, 1957-இல் தீர்ப்பு வந்தது: சூதாட்டம் வணிகமே அல்ல, அதற்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு கிடையாது. திறமை மேலோங்கிய போட்டி மட்டும் தப்பியது.

அந்தப் பிளவில்தான் பிறகு எல்லாரும் நுழைந்தார்கள்.

சூதாட்டத்தைத் தண்டிக்கும் கர்நாடகப் போலீஸ் சட்டம் 1963-இல் வந்தது. 2007-இல் லாட்டரிக்குத் தடை. பெங்களூரின் ஸ்ரீராம்புரம் போன்ற உழைப்பாளர் பேட்டைகளில் லாட்டரிச் சீட்டுக்கு மாற்றாகக் கைபேசி வந்தது. 2021-இல் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்த இணைய விளையாட்டுகளை மாநிலம் தடுத்தது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

இடைவெளியில் தழைத்தவை கணிப்புச் செயலிகள். ‘இந்த ஓவரில் சிக்ஸர் விழுமா?’ ‘ஆம்’ 6 ரூபாய் என்றால் ‘இல்லை’ 4 ரூபாய். சரியாகச் சொன்னவருக்கு 10, கழிவு போக. பங்குச்சந்தைச் சாயம் பூசிய பந்தயம், அவ்வளவே.

2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்த இணைய விளையாட்டுகளைத் தடுத்து, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.