ஒரு விசைப்பலகையும் இரண்டு கணிப்பொறிகளும்

உங்கள் மேசையில் இரண்டு கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ். விசைப்பலகையும் திரையும் மௌஸும் ஒவ்வொன்றுதான் உள்ளன. கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகாமல், ஒரு பொத்தானை அழுத்தியே இரு பொறிகளையும் ஆள உதவும் சிறு பெட்டிக்குக் கே.வி.எம். ஸ்விட்ச் என்று பெயர். கீபோர்டு, வீடியோ, மௌஸ் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இவை. (லினக்ஸில் 2007 முதல் இதே பெயரில் வேறொரு வசதியும் உண்டு. ஒரு கணிப்பொறிக்குள் பல பாவனைப் பொறிகளை இயக்குவது அது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மின்விசிறிக்குப் போடும் ஸ்விட்ச் போன்றதுதானே இதுவும் என்று தோன்றும். எளிய பழைய பெட்டிகள் அப்படித்தான் இருந்தன. குமிழைத் திருகினால் கம்பிகளின் தொடர்பு ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் சேரும், அவ்வளவே. ஆனால் மின்விசிறி யாரையும் கேள்வி கேட்பதில்லை. கணிப்பொறி கேட்கிறது. அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழியில் கேட்கிறது.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யை எடுத்துக்கொள்வோம். அதன் விசைப்பலகையில் ஆங்கில 'ஏ' விசையை அழுத்தினால் 30 என்ற எண் கம்பி வழியே போகும். விரலை எடுத்தால் 158. 1984-இல் அதே நிறுவனம் ஏ.டி. என்னும் பொறியை வெளியிட்டது. அதில் 'ஏ' 28 ஆயிற்று. விரலை எடுத்தால் 240, அதன்பின் 28. மேலும், பொறியும் விசைப்பலகைக்கு ஆணையிட முடிந்தது. விசைப்பலகையின் சிறு விளக்குகளை ஏற்றுவதும் அணைப்பதும் பொறியின் வேலையாயிற்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் ஒரே வட்டமான 5 பின் செருகிதான். செருகி பொருந்தும், பேச்சு பொருந்தாது! 1987-இல் பி.எஸ்/2 வரிசையுடன் சிறிய 6 பின் செருகி வந்தது.

ஆப்பிள் நிறுவனம் தனி வழி சென்றது. 1986-இல் அது அறிமுகப்படுத்திய இணைப்பில் 'ஏ' விசையின் எண் பூச்சியம். சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் பொறிகளிலோ மௌஸைப் பொறியில் அல்ல, விசைப்பலகையில் செருக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் இணைப்பது எப்படி? கம்பியை மாற்றினால் மட்டும் போதாது. ஐ.பி.எம். பி.சி. விழித்தெழுந்தவுடன் விசைப்பலகையைத் தேடும். காணாவிட்டால் 301 என்ற பிழை எண்ணைத் திரையில் காட்டும். தொடங்கும்போது மௌஸ் இல்லையென்றால், பிறகு இணைத்தாலும் கண்டுகொள்ளாத பொறிகள் பல. சன் பொறி இன்னும் பொல்லாதது. ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையைப் பிடுங்கினால், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, 'ஓகே' என்று திரையில் எழுதிக் காத்திருப்பது உண்டு. ஒரு நிறுவனத்தின் கோப்புகள் முழுவதும் அந்தப் பொறியில் இருந்தால், எங்கோ ஒருவர் குமிழைத் திருகியதற்காகக் கட்டடம் முழுவதும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஆகவே பெட்டிக்குள் ஒரு சிறு செயலியை வைத்தார்கள். நீங்கள் எந்தப் பொறியுடன் பேசிக்கொண்டிருந்தாலும், மற்றப் பொறிகளிடம் அது 'விசைப்பலகை இதோ இருக்கிறது, மௌஸும் இருக்கிறது' என்று விடாமல் பதில் சொல்லும். நல்ல ஸ்விட்ச் என்பது நன்றாகப் பாவனை செய்யும் ஸ்விட்ச் என்றே சொல்லலாம். பாவனை பிசகினால் என்ன ஆகும்? சாதாரண பி.எஸ்/2 மௌஸ் ஒவ்வோர் அசைவையும் 3 பைட்டுகளில் சொல்லும். உருளை வைத்த மௌஸ் 4 பைட்டுகளில் சொல்லும். லினக்ஸ் 4 எதிர்பார்த்திருக்க, ஸ்விட்ச் 3 அனுப்பினால் கணக்குத் தவறி, அம்புக்குறி திரையின் மூலைக்குப் பாயும்; தொடாமலே பட்டியல்கள் திறக்கும். 2003 இறுதியில் லினக்ஸ் 2.6 வெளிவந்தபின் இந்தத் தொல்லையைப் பலர் கண்டார்கள். அதே பெட்டி விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்ததால், குற்றம் யாருடையது என்று தெரியாமல் விழித்தவர்களும் உண்டு.

1996-இல் யு.எஸ்.பி. வந்தது. இதில் 'ஏ' எல்லோருக்கும் 4. மொழிச் சண்டை ஓய்ந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். முழுவதும் ஓயவில்லை. விண்டோஸ் விசைக்கும் மாக்கின் கமாண்ட் விசைக்கும் ஒரே எண் 227. ஆனால் மாக் விசைப்பலகையில் இடைவெளிப் பட்டையை அடுத்து இருப்பது கமாண்ட், பி.சி. விசைப்பலகையில் அங்கே இருப்பது ஆல்ட். பொறி மாறும்போதெல்லாம் உங்கள் கட்டைவிரல் ஏமாறும். இதற்கு ஸ்விட்ச் மருந்தல்ல. மாக்கின் அமைப்புகளில் அவ்விரு விசைகளையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

பல ஸ்விட்சுகள் ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினால் பொறியை மாற்றும். வேறு எதற்கும் அதிகம் பயன்படாத விசை என்பதால் அதைத் தேர்ந்தார்கள். மாக் விசைப்பலகையிலோ அந்தப் பெயரில் விசையே இல்லை, பி.சி. விசைப்பலகையை மாக்கில் இணைத்தால், அது திரையின் ஒளியைக் குறைக்கும் விசையாகிவிடக்கூடும்! முன்பக்கம் பொத்தான் இல்லாத பெட்டியை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

திரைக்கும் பாவனை தேவை. 1994-இல் வகுக்கப்பட்ட முறைப்படி, திரை தன் அளவுகளை 128 பைட்டுகளில் எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும் பொறிக்குச் சொல்கிறது. மலிவான ஸ்விட்ச் மறுபக்கம் திரும்பியதும் அந்தப் பதில் நின்றுவிடும். பொறி திரை போய்விட்டது என்றெண்ணிச் சன்னல்களை இடம் மாற்றிவிடும். திரும்பி வந்தால் எல்லாம் கலைந்து கிடக்கும்.

ஆகவே, வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பொறிகளையும் இணைத்து ஒன்றை அணைத்துவிடுங்கள். ஸ்விட்ச் மற்றொன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைத்ததைத் தொடங்குங்கள். சிறிது நேரம் கழித்து அதற்குத் திரும்பிப் பாருங்கள்: விசைப்பலகை உடனே பதில் சொல்கிறதா, மௌஸின் உருளை சுழல்கிறதா, படம் முழு அளவில் நிற்கிறதா? பிறகு இதையே மற்றப் பொறிக்கும் செய்யுங்கள். ஒரு பொறியில் தேறியது மற்றொன்றிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.