மினிஸ்டர்: ஊரார் வைத்த ஊழியர்

இன்று மினிஸ்டர் என்றதும் நமக்கு அமைச்சர்தான் நினைவுக்கு வருவார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வேலையாள் என்று பொருள். ‘மினுஸ்’ என்றால் குறைவு; அதிலிருந்து வந்த ‘மினிஸ்டர்’ கீழே நின்று பணி செய்பவன். ‘மாகிஸ்’ என்றால் மிகுதி. அதன் பிள்ளை ‘மாகிஸ்டர்’, மேலாள். ஆங்கிலத்துக்கு வந்தபின் அரசனின் பணியாள் அமைச்சராக உயர்ந்தான். ‘பிரீஸ்ட்’ என்ற சொல்லில் பலிபீடத்தின் வாடை அடித்ததால் அதை ஒதுக்கிய பியூரிட்டன்கள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், தங்கள் போதகரை ‘மினிஸ்டர்’ என்றார்கள்.

அவர்கள் குடியேறிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கிராமங்களில் ‘வேலையாள்’ என்ற அந்தப் பழைய பொருள் உண்மையாகவே நடப்புக்கு வந்தது. அவர்களுடைய காங்கிரிகேஷனல் சபைக்கு மேலே பிஷப் கிடையாது. சபையாரே வாக்களித்து மினிஸ்டரை அழைப்பார்கள். ஊர்க்கூட்டம் சம்பளம் பேசி, வரி போட்டுக் கொடுக்கும். குளிர்காலத்து விறகும் அந்தப் பேச்சில் சேரும்.

அப்படியோர் ஊரான வெஸ்ட்பரோவின் முதல் மினிஸ்டர் எபனேசர் பார்க்மன். ஹார்வர்டில் படித்து 1724-ல், 21 வயதில் பொறுப்பேற்றவர், 1782-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இரு மணங்களில் 16 பிள்ளைகள். அவருடைய நாட்குறிப்பில் பிரசங்கமும் நோயாளியைப் பார்க்கப் போனதும் உழவும் அறுவடையும் கூலியாள் தேடிய கவலையும் அடுத்தடுத்து வருகின்றன. காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்த காலம் அது. பேசிய சம்பளம் கைக்கு வரும்போது பாதி கரைந்திருக்கும். நிலம் இல்லாமல் அந்தக் குடும்பம் பிழைத்திருக்காது.

1728-ல் அவர் வீட்டில் மேரோ என்றொரு கறுப்பினச் சிறுவன் அடிமையாக இருந்தான். அதே ஆண்டு இறந்துபோனான். அடிமைகளையும் ‘செர்வன்ட்’, அதாவது வேலையாள், என்றே அங்கே எழுதினார்கள். ஊரின் ஊழியரால் தன் சம்பளத்தைப் பேச முடிந்தது. மேரோவுக்கு அந்த வாயும் இல்லை. ‘ஊழியம்’ என்ற பெருமைப் பேச்சை நாம் இவனையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

மினிஸ்டரை அழைத்த சபைக்கு அவரை அனுப்பிவிடவும் உரிமை இருந்தது. யாருக்கு நற்கருணை கொடுக்கலாம் என்ற வழக்கில், தன் மினிஸ்டரான பேரறிஞர் ஜோனதன் எட்வர்ட்ஸையே நார்த்தாம்ப்டன் சபை 1750-ல் நீக்கியது. அவர் எல்லைப்புற ஊரான ஸ்டாக்பிரிட்ஜுக்குப் போனார். மினிஸ்டரின் சம்பளத்துக்காக ஊர் போட்ட அந்த வரியை 1833-ல் மாசசூசெட்ஸ் ஒழித்தது. அதன்பின் மினிஸ்டருக்குச் சம்பளம் கொடுப்பது அவரைத் தேடி வரும் சபையாரின் பாடு மட்டுமே.